வருஷம் எழுதிய பேட்ஜ்

எங்கள் ஊர் முக்கில் நின்ற இரண்டு பிளெக்ஸ் போர்டுகளில் கை வைத்தவள் நான்தான். முதல் போர்டைக் கிழித்ததை ஊரே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்த நேரம். பட்டுச்சேலை கட்டி, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று கிழித்தேன். தலைக்கனம் பிடித்தவள் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாவது போர்டில் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். மைதானத்தில் வாங்காத திட்டா!

அருமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் நான். கால்பந்து நடுவரும்கூட. இது நடந்தபோது நான் சர்வதேச நடுவர், மூன்றாவது வருஷம். அதற்கு அடையாளம் ஒரு துண்டுத் துணி. உள்ளங்கைக்குள் அடங்கும். சட்டையின் இடது மார்பில் ஒட்ட வேண்டும். அதில் உலகக் கால்பந்து அமைப்பின் முத்திரை இருக்கும், வருஷம் இருக்கும். அந்த வருஷத்தில்தான் எல்லாமே கிடக்கிறது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு அந்தத் துணி செத்துப்போகும். மறுநாள் புது வருஷம் போட்ட புது பேட்ஜ் கையில் இருந்தால்தான் நான் சர்வதேச நடுவர். இல்லாவிட்டால் வெறும் பி.டி. டீச்சர்.

இது ஊருக்கு மட்டும் விளங்கவே இல்லை. சர்க்கார் வேலை மாதிரி ஒருக்கா கிடைத்தால் சாகும்வரை நமக்குத்தான் என்று நினைத்தார்கள். காலையில் நான் ஓடுவதைப் பார்த்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் கேட்பார்கள்.

"ஏட்டி, நீதான் போன வருஷமே பாஸாயிட்டியே, பொறவும் என்னத்துக்குக் கெடந்து ஓடுதா? யாரு தொரத்துதா?"

வருஷம்தான் துரத்துகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தத் துணியை நான் சும்மா வாங்கிவிடவில்லை. மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு, தேசியத் தேர்வு என்று படிப்படியாக ஏறியவள். ஒவ்வொரு படியிலும் விதிகளில் எழுத்துப் பரீட்சை, ஓட்டம், அதற்குப் பிறகு ஆட்டம். நான் விசில் ஊதும் ஆட்டங்களிலெல்லாம் கேலரியில் ஒருத்தர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார், எனக்கு மார்க் போட. கடற்கரை ஊர்களில் ஆண்கள் ஆட்டத்துக்கு ஊதித்தான் நான் பழகினேன். பெனால்டி கொடுத்தால் மணல் வரும், கொடுக்காவிட்டால் செருப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் நின்று பழகியவளுக்கு எந்த நாட்டு ரசிகனும் பயமில்லை. என்னைப் பயமுறுத்தியது இங்கிலீஷ்தான். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரிக்கு ஏன் அட்டை காட்டினேன் என்று இங்கிலீஷில் அறிக்கை எழுத வேண்டும். முப்பது வயதுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் இலக்கணப் புத்தகத்தை இரவல் வாங்கி உட்கார்ந்து படித்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்ட ஆசிரியைகள் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் பேட்ஜ் வருமா?

இவ்வளவும் முடித்தாலும் நமக்கு நாமே எழுதிக்கொள்ள முடியாது. ஒரு நாட்டுக்கு இத்தனை இடம் என்று கணக்கு இருக்கிறது. தேசிய அமைப்பு ஒவ்வொரு வருஷமும் பட்டியல் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும். ஒருத்தி உள்ளே வந்தால் ஒருத்தி வெளியே போக வேண்டும்.

அந்தப் பட்டியலுக்கு முன்னால் ஓட்டச் சோதனை. என் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் நானும் அவர் அம்மாவான என் மாமியும்தான். மாமி முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். கால்முட்டு தேய்ந்து வேலையை விட்ட பிறகு எனக்குக் கோச் ஆகிவிட்டார், நான் கேட்காமலே. காலை ஐந்தரைக்கெல்லாம் பள்ளி மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் பழைய விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஸ்டாப்வாட்சைப் பார்த்து ஊதுவார். முதலில் நாற்பது மீட்டர் பாய்ச்சல் ஆறு தடவை. பிறகு பதினேழு செகண்டுக்குள் எழுபத்தைந்து மீட்டர் ஓட வேண்டும், இருபது செகண்டுக்குள் இருபத்தைந்து மீட்டர் நடக்க வேண்டும். இப்படி நாற்பது தடவை, இடையில் நிற்கக் கூடாது. ஒரு தடவை பிந்தினால் எச்சரிக்கை, மறுதடவை பிந்தினால் வீட்டுக்குப் போகலாம்.

"பிள்ளே, பதினேழரை. செல்லாது. திரும்ப ஓடு."

"மாமி, மூச்சு வாங்குது."

"வாங்கட்டு. பேட்ஜ் உனக்கா, எனக்கா?"

அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் வருஷம் போட்ட பேட்ஜ் என்றால் என்ன என்று ஊரிலேயே அவருக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓணம் கழிந்ததும் எங்கள் சபையில் அசனப் பண்டிகை. சபையே சேர்ந்து சமைத்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதையொட்டி வாலிபர் சங்கம் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட் நடத்தும். அணிக்கு ஏழு பேர், ஆஃப்சைடு கிடையாது, ஆட்டத்தைவிட மைக் சத்தம் அதிகம். நல்ல ரகளைதான், சின்ன வயதில் நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் அது எந்தச் சங்கத்திலும் அங்கீகாரம் வாங்காத போட்டி. பதிவு பெற்ற நடுவர் அங்கீகாரம் இல்லாத போட்டியில் விசில் ஊதக் கூடாது. ஊதினால் பதிவுக்கே ஆபத்து, சர்வதேச பேட்ஜைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வாலிபர் சங்கத்தின் செயலாளர் என் சித்தப்பா மகன். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம், நல்ல பையன், வாய் நிறைய யக்கா என்று கூப்பிடுவான். வருஷம் தவறாமல் வந்து நிற்பான்.

"யக்கா, பைனலுக்கு மட்டும் நீங்க வந்து ஊதணும். நம்ம ஊரு ஆளு இன்டர்நேஷனல் ரெஃப்ரியா இருக்க, நாம கூலிக்கு ஆள் பிடிக்கலாமா?"

"முடியாது மக்கா. ஊதினா எனக்க பேட்ஜ் போயிரும்."

"செரி யக்கா."

மூன்று வருஷமும் இதே பேச்சு, இதே தலையாட்டல். ஆட்டின தலைக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்தத் தடவை சோதனையை வடக்கே வைத்திருந்தார்கள். ஒரு வாரம். வகுப்பு, விதிப் பரீட்சை, திரையில் ஆட்டத் துணுக்குகளைக் காட்டி ஃபவுலா இல்லையா என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்லச் சொல்வது, எல்லாம் முடிந்து கடைசியில் ஓட்டம். என் வரிசையில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி ஓடினாள். வேறு மாநிலம். அவளுக்குப் பேட்ஜ் இல்லை, வேண்டும். எனக்கு இருக்கிறது, போகக் கூடாது. முப்பதாவது ஓட்டத்தில் என் தொடை இழுத்தது. காதுக்குள் மாமியின் விசில். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முடித்தேன். இரண்டு பேரும் தேறினோம்.

அந்தச் சந்தோஷத்தோடு ரயிலேறி, குழித்துறையில் இறங்கி, பஸ் பிடித்து எங்கள் முக்கில் வந்து இறங்குகிறேன். எதிரே நான் நிற்கிறேன், பத்தடி உயரத்தில்! நடுவர் உடை, இடுப்பில் கை, மார்பில் பேட்ஜ். அந்தப் பேட்ஜ் மட்டும் சோற்றுப் பானை மூடி அளவுக்கு இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது: "இறுதிப் போட்டியைத் திறம்பட நடத்தித் தருபவர், நம் மண்ணின் மகள், சர்வதேச நடுவர்." சுற்றிலும் வாலிபர் சங்கத்தாரின் முகங்கள், கறுப்புக் கண்ணாடி போட்டு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படம் நான் கொடுத்ததுதான். எனக்கு முதல் பேட்ஜ் வந்த வருஷம் இதே முக்கில் வாழ்த்து பிளெக்ஸ் வைத்தார்கள். நானே நல்ல படமாகப் பார்த்துக் கொடுத்தேன். அதன் முன்னால் நின்று செல்ஃபியும் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அந்தப் படம் பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடந்திருக்கிறது. ஊர் என்னைக் கொண்டாடியபோது இனித்தது, அதனால் என் கோபத்தில் பாதி என்மீதே.

உடனே சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். தம்பி சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"யக்கா, கண்டியளா? சர்ப்ரைஸ்!"

"லேய், யாரைக் கேட்டு வச்சா?"

"ஊரு பெருமைக்குத்தானே யக்கா. எல்லா குரூப்பிலயும் போட்டாச்சு, செம ரெஸ்பான்ஸ்."

கொடுத்து வைத்தவள் நான்! என்னைக் கவிழ்க்க எதிரி என்று ஒருத்தன் தேவைப்படவில்லை. தம்பி தன் கையாலேயே, "ஷேர் பண்ணுங்க மக்கா" என்று எழுதி, ஐந்து நாளாக என் கழுத்துக்குக் கயிறு திரித்திருக்கிறான். அது எத்தனை போனைத் தாண்டிப் போயிற்றோ, மறுநாள் சனிக்கிழமை காலையில் மாநிலத்தில் நடுவர்களைக் கவனிக்கும் அதிகாரியிடமிருந்து எனக்குப் போன்.

"மேடம், ஒரு போட்டோ வந்திருக்கு. உங்க படம், பேட்ஜோட. அங்கீகாரம் இல்லாத டோர்னமென்ட்."

"சார், நான் ஊதல. ஊதவும் மாட்டேன். என்னைக் கேக்காம வச்சிருக்காங்க."

"அதை நடத்துறவங்களே எழுதிக் குடுக்கட்டும். லிஸ்ட் போறதுக்குள்ள ஒரே ஒரு கடிதம் போதும்."

ஒரே ஒரு கடிதம். மறுநாள்தான் போர்டைக் கிழித்தேன். கிழித்த துண்டில் என் முகம் பாதி, தம்பியின் கறுப்புக் கண்ணாடி பாதி. அன்று மத்தியானமே சபை ஹாலில் கூடினோம். போதகர், கமிட்டிப் பெரியவர், தம்பி, சங்கத்தார் நாலு பேர். ஒரு பக்கம் நானும் மாமியும். நான் கேட்டது ஒன்றுதான். என் சம்மதம் இல்லாமல் போர்டு வைத்தோம், அவள் எங்கள் போட்டியில் ஊதவில்லை என்று ஒரு கடிதம். அப்படி எழுதினால் சபை பொய் சொன்னதாக ஆகிவிடாதா என்று பெரியவருக்குக் கவலை. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு ஒரு வழி சொன்னார். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"போர்டு வச்சாச்சு, சனங்க நம்பி வருவாவ. நீ ஒரு மணிக்கூரு வந்து ஊதிட்டுப் போ பிள்ளே. பொறவு நீ ஊதவே இல்லன்னு நாங்க எழுதித் தாறோம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் வந்தது வேறு.

"அப்பம் பொய்யின்னா கையெழுத்துப் போடுவிய, உண்மைக்குப் போட மாட்டியளா?"

"அவ பேசுத பேச்சக் கேட்டியளா," என்றார் பெரியவர், போதகரிடம்.

போதகர் என்னைப் பார்த்து, "கோபப்படாதம்மா. நல்ல எண்ணத்தில செய்தது," என்றார். நல்ல எண்ணம்! நல்ல எண்ணத்தில் தள்ளிவிட்டால் கிணற்றில் தண்ணீர் வற்றிவிடுமா? நான் விரித்துப் பேச வாயெடுத்தேன். மாமி என் கையை அமர்த்திவிட்டு எழுந்தார்.

"பிள்ளைக்கு எழுதிக் குடுங்கோ. இல்லைன்னா அசனத்துக்கு எங்க தோப்புத் தேங்காய் ஒண்ணுகூட வராது."

அசனச் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் எங்கள் தோப்புத் தேங்காய்தான் காலங்காலமாகப் போகிறது. நீதி நியாயத்துக்கு அசையாத கமிட்டி தேங்காய்க்கு அசைந்தது. நாளைக்கே கடிதம் என்றார்கள். எனக்குக் காட்டிவிட்டு அனுப்பச் சொன்னேன். செரி யக்கா என்று தம்பி தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாள் இன்டர்வெல்லில் போனைத் திறந்தால் அவன் செய்தி வந்து கிடக்கிறது. "யக்கா, அனுப்பியாச்சு! இங்கிலீஷ்ல அடிச்சு, சீல் வச்சு, நேரா ஆபீசருக்கே." கூடவே கடிதத்தின் படம்.

படித்தேன். முதல் பத்தி அருமை. போர்டு வைத்தது அவருக்குத் தெரியாது, அவர் எந்த ஆட்டத்திலும் ஊதவில்லை, தவறு எங்களுடையது. மனது குளிர்ந்தது. கடைசிப் பத்திக்கு வந்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஒவ்வோர் ஆண்டும் எங்கள் போட்டிகளுக்கு அவர் அளித்துவரும் மேலான ஒத்துழைப்புக்கு இந்நேரத்தில் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

பிள்ளைகள் ஓடி விளையாடுகிற மைதானத்தில் நின்று கத்திவிட்டேன். பந்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். போனில் தம்பியைப் பிடித்தேன்.

"லேய் மூதேவி, நான் என்னத்த ஒத்துழைச்சேன்? எந்த வருஷம் வந்தேன்?"

"யக்கா, கடிதம்னா கடைசியில ஒரு நன்றி சொல்லாண்டாமா? அது மரியாதை இல்லியா? நம்ம சங்கத்துக்க எல்லாக் கடிதத்திலயும் அந்தப் பாரா உண்டு."

உள்ளதும் போச்சு. கொலைக்கேஸில் மாட்டினவனுக்குச் சாட்சி சொல்ல வந்து, அவர் கத்தி பிடிக்கிற அழகே தனி என்று புகழ்ந்துவிட்டுப் போன கதை. நான் அதிகாரிக்குப் போன் போட்டு விளக்கினேன். அது எங்கள் ஊர் வழக்கம் சார், பந்தல்காரனுக்கும் மைக்செட்காரனுக்கும் போகிற கடிதத்தில்கூட அந்த வரி இருக்கும் சார் என்றேன். அவர் முழுசாகக் கேட்டார். "பார்ப்போம் மேடம்," என்றார்.

பைனல் அன்று வேறு யாரோ ஊதினார்கள். நான் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். சபைப் பக்கமிருந்து மைக் சத்தம் காற்றில் வந்தது. மாமி ஸ்டாப்வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டிசம்பரில் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணின் பெயர் இருந்தது. அவள்மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ஓடித்தான் வாங்கினாள். நானும் ஓடித்தானே தேறினேன்? அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"போட்டி ஜாஸ்தி மேடம். அடுத்த வருஷம் பாருங்க."

"சார், அந்தக் கடிதத்தாலயா?"

"எந்தக் கடிதம் மேடம்?"

மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. மைதானத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு மஞ்சள் அட்டை காட்டினாலும் நான் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நிமிஷம், எந்த விதி, யார் முன்னால் என்று, இரவல் இங்கிலீஷில், கையெழுத்துப் போட்டு. பன்னிரண்டு வருஷம் ஓடி வாங்கின என் மார்புத் துணியை எடுத்துக்கொண்டவர்கள் அரை வரி எழுத வேண்டியதில்லையாம். எனக்குச் சிவப்பு அட்டை காட்டியது யார் என்றுகூடத் தெரியாமல் வெளியே நிற்கிறேன். யார்மீது கோபப்படுவது? தம்பியா, கடிதமா, வயதா, "பார்ப்போம்" என்கிற அந்த ஒற்றைச் சொல்லா?

மாமியிடம் மட்டும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "அடுத்த வருஷத்துக்கும் அதே ஓட்டந்தானா, இல்ல நேரத்தைக் குறைச்சிருக்கானுவளா?" என்று கேட்டார். அதே ஓட்டம்தான் என்றேன். மறுநாள் ஐந்தரைக்கு நாற்காலி மைதானத்தில் இருந்தது. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பேட்ஜுக்கு வருஷம் உண்டு என்பதே தெரியாதவர்களிடம் எதைப் போய்ச் சொல்ல?

ஜனவரி இரண்டாம் தேதி. ஓடிவிட்டு மாமியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். முக்கில் புது பிளெக்ஸ். மறுபடியும் நான், பத்தடி உயரம், அதே படம். "எங்கள் அன்பு சகோதரி, சர்வதேச நடுவர் அவர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள்." இந்தத் தடவை சங்கத்தாரின் முகங்கள் இல்லை. கீழே தம்பியின் பெயர் மட்டும், சின்ன எழுத்தில். மன்னிப்புக் கேட்கிறானாம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். மார்பில் அதே பானை மூடி அளவு பேட்ஜ். அதில் வருஷம் மாறியிருந்தது. பழைய எண்ணை அழித்து, அதே எழுத்தில், அதே நிறத்தில், புது வருஷம். மழை பெய்து கழுவின மாதிரி அவ்வளவு சுத்தமாக மாற்றியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் ஏணியை எடுத்தேன். மாமியின் பால் வெட்டுகிற கத்தியையும் எடுத்தேன். மாமி ஏன் என்று கேட்காமல் கூடவே வந்தார். ஏணியில் ஏறி, முகத்தைத் தொடாமல், எழுத்தைத் தொடாமல், பேட்ஜை மட்டும் நாலு பக்கமும் வெட்டி எடுத்தேன். மார்பில் ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குப் பின்னால் யாருடைய ரப்பர் தோட்டமோ தெரிந்தது.

கடை திறக்கப் பைக்கில் போன தம்பி பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான். ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் நிஜமாகவே வருத்தம்.

"யக்கா, அத மட்டும் என்னத்துக்கு வெட்டுதிய? இந்த வாட்டி ஒரு தப்பும் வரக்கூடாதுன்னு நானே கடையில கூட இருந்து வருஷத்த மாத்தினேன். சரியாத்தானே இருக்கு?"

"வருஷம் சரிதான் மக்கா," என்றேன். "ஆளுதான் தப்பு."

அவனுக்கு விளங்கவில்லை. செரி யக்கா என்று தலையாட்டினான்.